புரட்டாசி முடியமுன் பீலியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கூரை விளிம்பில் மழைத்தண்ணீரைப் பிடிக்கிற பீலியை வருடத்துக்கு எத்தனை தரம் துப்புரவாக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் வருடத்துக்கு இரண்டு தரம், வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்றுதான் பெரும்பாலும் வரும். அது பனி கொட்டுகிற, குளிருக்கு முன் மரங்களெல்லாம் ஒன்றாக இலை உதிர்க்கிற நாடுகளுக்குச் சொன்ன கணக்கு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு அது பொருந்தாது. இங்கே சோளகம் என்கிற தென்மேல் காற்றையும் வாடைக் காற்றையும் நுளம்பையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம் அடிக்கிறது, மழை அருமை. ஒழுங்கையில் கிளம்புகிற புழுதி, வேம்பு மா முருங்கைச் சருகு, காகம் கொண்டுவந்து போடும் எலும்பு, அணில் கூடு கட்டச் சேர்க்கும் தும்பு, எல்லாம் பீலிக்குள் போய்த் தங்கும். கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லாததால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். முதல் மழை விழுந்ததும் அது சேறாகிக் குழாய் வாயில் இறுகும், பிறகு அடுத்த மழைக்கு வழியில்லை. கவனிக்காமல் விட்ட பீலிகளில் ஆலங்கன்றும் அரசங்கன்றும் முளைத்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுவதும் கிடைக்கிற மழை சுமார் 1,250 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்ரிமீற்றர் மழை விழுந்தாலே 900 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும், அப்படியிருக்க 2008இல் நிஷா புயல் வந்தபோது பெய்த மாதிரி மழை பெய்தால் எத்தனை ஆயிரம் லீற்றர் அந்தச் சின்னக் குழாய் வாயால் இறங்க வேண்டும் என்று யோசியுங்கள். ஒரு பிடி முருங்கைச் சருகு போதும் அதை அடைக்க. அடைத்தால் தண்ணீர் முன்பக்கத்தால் வழிந்து முற்றத்தில் விழும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முன் விளிம்பைவிடப் பின் விளிம்பு பதிவாக இருந்தால், பல வீடுகளில் அப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள், தண்ணீர் பின்னால் திரும்பி விளிம்புப் பலகைக்கும் கைமர நுனிக்கும் சுவருக்கும் போகும். ஈரம் ஊறின மரத்தைத் தேடிக் கறையான் வரும். பழைய நாற்சார் வீடுகளில் இரண்டு கூரை சந்திக்கிற மூலைத் தகரத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள், அங்கே அடைத்தால் தண்ணீர் நேரே வீட்டுக்குள்தான் வரும்.

மரம் உக்கினால் மாற்றலாம். டெங்கு அப்படியில்லை. 2017இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு, மார்கழி தை மாதங்களில் அது கூடும். டெங்கைப் பரப்புகிற ஈடிஸ் நுளம்புக்குக் குளம் குட்டை தேவையில்லை, பீலியில் அரை அங்குலத் தண்ணீர் தேங்கி நின்றாலே போதும். முட்டை பொரித்துக் குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகி நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் செல்லும். நாங்கள் முற்றத்தில் சிரட்டை, ரயர், யோகட் கப் எல்லாவற்றையும் பொறுக்கிக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம், பீலித் தண்ணீர் தலைக்கு மேல் கிடக்கும், நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான பக்கத்தில் ஒட்டவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து மறுபடி நனையும்போது பொரிக்கும். அதாவது போன மாரியில் இட்ட முட்டையில் ஒரு பங்கு சோளகம் முழுக்கக் காத்திருந்து இந்த ஐப்பசி மழைக்குப் பொரிக்கலாம். அதனால் சருகை மட்டும் அள்ளிக் கொட்டிவிட்டு இறங்கிவிடாதீர்கள். பீலியின் உட்பக்கத்தைத் தும்பாலோ பிரஷாலோ நன்றாக உரஞ்சி, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சரி, எத்தனை தரம்? என் அபிப்பிராயத்தில் பெரிய துப்புரவு இரண்டு. முதலாவது, புரட்டாசியின் கடைசியில், சோளகம் ஓய்ந்து மழை தொடங்கமுன். வருடத்தில் ஒரே ஒரு தரம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டாவது, பங்குனி சித்திரை அளவில், வேம்பு இலை உதிர்த்துப் பூவும் கொட்டி முடிந்த பிறகு, ஏனென்றால் சித்திரையிலும் இடிமழை பெய்யும். இந்த இரண்டோடு, ஐப்பசியில் இருந்து தை முடியும் வரை கிழமைக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். நுளம்புக்கு ஒரு வாரம் என்றால் எங்களுக்கும் ஒரு வாரம்தான். கூரைக்கு மேல் கிளை சாய்ந்திருக்கிற வீட்டுக்கு இதுவும் போதாது, அங்கே முதலில் கிளையை வெட்டுங்கள்.

கிழமைக்குக் கிழமை ஏணி ஏறச் சொல்லவில்லை. மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள், எந்த இடத்தில் பீலி நிறைந்து வழிகிறது, எந்தக் குழாயின் அடியில் தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்று தெரிந்துவிடும். மழை விட்ட அடுத்த நாள் ஒரு நீளத் தடியில் கைத்தொலைபேசியை இறுக்கக் கட்டி வீடியோ எடுத்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரியும். நின்றால் மட்டும் ஏறினால் சரி.

ஏறுவதென்றால் தனியே ஏறாதீர்கள், ஒருவர் கீழே ஏணியைப் பிடிக்கட்டும். ஈரம் காய்ந்த பிறகு ஏறுங்கள். ஏணியைச் சுவரில் சாத்துங்கள், பீலியில் சாத்தினால் பீலியோடு சேர்ந்து விழ வேண்டிவரும். மின்சார வயர் வீட்டுக்கு வந்து சேருகிற மூலையில் இருந்து எட்ட நில்லுங்கள். ஓட்டிலும் சீற்றிலும் கால் வைக்க வேண்டாம், பழைய அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்து விழுந்து உயிர் போயிருக்கிறது. அந்தச் சீற்றைக் காய்ந்தபடி உரஞ்சவும் கூடாது, அந்தத் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். பீலிக்குள் கிடப்பதை ஈரமாக்கிவிட்டு அள்ளுங்கள். வயது போன அப்பா அம்மாவை ஏறவிட்டுவிட்டுப் பிறகு அழாதீர்கள், காசு கொடுத்து ஆள் பிடித்தால் தப்பே இல்லை.

கழுவி முடித்ததும் குழாய்க்குத் தூரமான முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓடி முடிந்த பிறகும் நடுவில் எங்காவது குட்டையாக நின்றால், அந்த இடத்தில் தாங்கி தளர்ந்து பீலி தொய்ந்திருக்கிறது. எத்தனை தரம் துப்புரவாக்கினாலும் அந்த இடம் நுளம்புக்குத்தான். பத்து அடிக்கு அரை அங்குலம் சரிவு இருக்கும்படி தாங்கியை உயர்த்திப் பூட்டச் சொல்லுங்கள். வலை போட்டால் வேலை மிச்சம் என்று சொல்வார்கள், மாவிலைக்கு அது சரி, முருங்கை இலையும் வேப்பம்பூவும் வலைக்குள்ளால் விழும், அதோடு வலை போட்டவர்கள் பிறகு திறந்தே பார்ப்பதில்லை.

தொட்டியில் மழைத்தண்ணீர் சேர்க்கிற வீட்டுக்காரர்கள் பருவத்தின் முதல் மழையைத் தொட்டிக்கு விடாதீர்கள், கூரை கழுவின தண்ணீர் அது, வெளியே போகட்டும். தண்ணீர் சேர்க்கவும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்றால் பீலியைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தண்ணீர் விழுகிற கோட்டில் சீமெந்து போட்டோ கல் பரப்பியோ வைத்தால் அத்திவாரத்துக்குக் கரைச்சல் குறையும்.

கடைசியாக, இந்த ஒலிபரப்பைக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து கேட்கிறவர்களுக்கு. ஊரில் நீங்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்கும் பீலி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை, ஆனால் சட்டத்தை விடுங்கள், அந்தப் பீலியில் பெருகுகிற நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கப் போகிறது. வீட்டைப் பார்க்கிறவருக்கு இந்தக் கிழமையே ஒரு கோல் எடுத்து, புரட்டாசிக்குள் ஆள் பிடித்துத் துப்புரவாக்கச் சொல்லி அதற்கான காசையும் அனுப்பிவிடுங்கள், அப்புறம் தை முடியும் வரை ஒவ்வொரு ஞாயிறும் பீலிக்குள் எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் திங்கட்கிழமை நீங்களே எடுத்துக் கேளுங்கள். வணக்கம்.