நடுக்கடலில் நெஞ்சுவலி: டாக்டர் இல்லாத கப்பலில் வைத்தியம் எப்படி நடக்குது?

(திரையில்: தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். நிலக்கரி இறக்கும் கப்பல்.)

உவரி, கூடுதாழை, இடிந்தகரை, தூத்துக்குடின்னு நம்ம கடற்கரை ஊர்கள்ல இருந்தும், பாளையங்கோட்டை, நாங்குநேரி பக்கம் இருந்தும் சரக்குக் கப்பல் வேலைக்குப் போற தம்பிகளுக்கும், அவங்களை அனுப்பிட்டு வீட்டுல இருக்கிறவங்களுக்கும் இந்த வீடியோ.

ஒரு சரக்குக் கப்பல்ல 20, 25 பேர் இருப்பாங்க. டாக்டர் இருக்க மாட்டார். எம்.எல்.சி. 2006-ங்கிற சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி, 100 பேரோ அதுக்கு மேலயோ இருந்து, மூணு நாளுக்கு மேல வெளிநாட்டுப் பயணம் போற கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம். மத்த கப்பல்கள்ல மருத்துவப் பயிற்சி முடிச்ச ஒரு ஆபீசர்தான் வைத்தியம் பாக்கணும். பெரும்பாலும் அது செகண்ட் ஆபீசர். 15 பேருக்குக் குறையாத கப்பல் மூணு நாளுக்கு மேல ஓடுதுன்னா, ஆஸ்பத்திரின்னே ஒரு தனி கேபின் இருக்கணும். அலமாரி நிறைய மருந்தும் இருக்கும். எதை, எப்போ, எவ்வளவு கொடுக்கணும்னு முடிவு பண்ற டாக்டர் மட்டும் கரையில இருப்பார்.

அவரைக் கூப்பிடுறதுக்குப் பேர் ரேடியோ மெடிக்கல். ரோம்ல இருக்கிற சி.ஐ.ஆர்.எம்.ங்கிற மருத்துவ மையம் 1935-ல இருந்து இந்த வேலையைச் செய்யுது. ரேடியோவைக் கொண்டு வந்த மார்க்கோனிதான் அதோட முதல் தலைவர். எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும், ராத்திரி பகல் எந்நேரமும், இந்த ஆலோசனைக்குக் காசு கிடையாது. இன்மார்சாட்ங்கிற சாட்டிலைட் போன்ல 32 போட்டா மருத்துவ ஆலோசனை. 38 போட்டா மருத்துவ உதவி, அதாவது ஆளையே இறக்கணும்னா. ரேடியோல கூப்பிடுறதா இருந்தா முதல்ல, அவசரம்னு காட்டுறதுக்கு, "பான் பான்"னு மூணு தடவை சொல்லணும்.

கூப்பிடுறது சுலபம். என்ன சொல்றோம், எப்போ சொல்றோம்ங்கிறதுலதான் உயிர் இருக்கு.

(திரையில்: அரபிக்கடல் வரைபடம். கப்பல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி.)

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கப்பல் அரபிக்கடல்ல, வடக்கு 8 டிகிரி 10 நிமிடம், கிழக்கு 68 டிகிரி 40 நிமிடத்துல இருக்கு. 46 வயசு மோட்டார்மேன், என்ஜின் ரூம் தொழிலாளி. வாட்ச்ல, அதாவது டியூட்டியில இருக்கும்போது நெஞ்சு அடைக்குது, வேர்த்துக் கொட்டுது. அவர் என்ன சொல்வார்? "ஒண்ணுமில்ல சார், கேஸ் பிடிச்சிருக்கு." ஒரு ஜெலுசில், ஒரு டம்ளர் சோடா, கேபின்ல போய்ப் படுத்துடுவார். ஆறு மணி நேரம் போச்சுன்னா, 13 நாட், அதாவது மணிக்கு 13 கடல் மைல் வேகத்துல கப்பல் 78 கடல் மைல் ஓடியிருக்கும். அது 144 கிலோமீட்டர், திருநெல்வேலியில இருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கரையை விட்டு விலகிப் போற கப்பலா இருந்தா, அந்தத் தூரத்தைத் திரும்பி வர இன்னொரு ஆறு மணி நேரம். 40 தாண்டினவருக்கு வேர்வையோட நெஞ்சடைப்பு வந்தா, இல்லைன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் அதை ஹார்ட் அட்டாக்னே வச்சுக்கோங்க. கேஸா இல்லையான்னு அவர் சொல்லட்டும்.

ஆளை நடக்க விடாதீங்க, படி ஏற விடாதீங்க. சாய்ஞ்சு உட்கார வைங்க. ஆஸ்பிரின் ஒத்துக்குமா, வயித்துல புண், ரத்தக்கசிவு இருந்திருக்கான்னு கேளுங்க. பிரச்சினை இல்லைன்னா 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்னு விழுங்கச் சொல்லுங்க. முழுசா விழுங்கினா வேலை செய்ய நேரமாகும். நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரோகிளிசரின் மாத்திரையை மட்டும் நீங்களா கொடுக்காதீங்க. பிரஷர் குறைவா இருக்கிறவருக்கும், வயாகரா மாதிரி மாத்திரை போட்டவருக்கும் அது ஆளையே சாய்ச்சிடும். போட்டாரான்னு கூச்சப்படாம கேட்டுடணும். கேக்கும்போது கேபின்ல வேற யாரும் இருக்கக் கூடாது.

இப்போ அளவுகள். நாடியை 60 வினாடி முழுசா எண்ணணும். 15 வினாடி எண்ணி நாலால பெருக்கினா, விட்டு விட்டுத் துடிக்கிற நாடி தெரியாமப் போயிடும். பிரஷரை ரெண்டு கையிலயும் எடுங்க. மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல், விரல்ல மாட்டுற மீட்டர்ல ஆக்சிஜன். கையில கிரீஸ் இருந்தாலோ, விரல் சில்லுனு இருந்தாலோ அந்த மீட்டர் தப்பாக் காட்டும். துடைச்சு, சூடு பண்ணி, திரும்பப் பாருங்க. எல்லாத்துக்கும் பக்கத்துல மணி எழுதுங்க, கப்பல் நேரமா, உலகப் பொது நேரமான யு.டி.சி.யாங்கிறதையும் சேர்த்து.

(திரையில்: டாக்டருக்கு அனுப்பும் செய்தி, வரி வரியாக.)

"நெஞ்சுவலி, மாத்திரை கொடுத்திருக்கோம், என்ன செய்யணும்?" இப்படி அனுப்பினா டாக்டர் திரும்பப் பத்துக் கேள்வி கேட்பார், ஒரு மணி நேரம் போயிடும். இப்படி அனுப்புங்க:

கப்பல் பேர், கால் சைன் (கப்பலோட ரேடியோ அடையாளக் குறி). இடம், போற திசை, வேகம். கொச்சி சுமார் 460 கடல் மைல், 35 மணி நேரம். ஆண், 46 வயது. 04:10 யு.டி.சி.க்கு நடுநெஞ்சில் அழுத்தம், இடது கைக்கும் தாடைக்கும் பரவுது, வேர்வை உண்டு, வாந்தி இல்லை. நாடி 104, பிரஷர் 150/95, மூச்சு 22, ஆக்சிஜன் 93. சர்க்கரை நோய் உண்டு, தினம் மெட்ஃபார்மின். 04:30-க்கு ஆஸ்பிரின் 300. கப்பல்ல இருக்கிற மருந்துப் பட்டியல், ஆக்சிஜன் எவ்வளவு. கேள்வி: அடுத்து என்ன மருந்து, கப்பலைத் திருப்பணுமா?

அந்த ஆக்சிஜன் கணக்கைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். கப்பல் ஆஸ்பத்திரியில இருக்கிற பெரிய சிலிண்டர் 40 லிட்டர், அழுத்தம் 200 பார்னா, உள்ளே 8,000 லிட்டர் வாயு. நிமிஷத்துக்கு 10 லிட்டர் திறந்தா 13 மணி நேரத்துல காலி. 4 லிட்டர்ல வச்சாக்கூட 33 மணி நேரம்தான். கொச்சிக்கு 35 ஆகும். கையில தூக்கிட்டுப் போற 2 லிட்டர் சிலிண்டர், 10 லிட்டர் வேகத்துல 40 நிமிஷம். அதனால மீட்டர் 94-க்கு மேல காட்டுற ஆளுக்கு ஒரு தைரியத்துக்குன்னு திறந்து விடாதீங்க. எவ்வளவுங்கிறதை டாக்டர் சொல்லட்டும். மாசம் ஒரு தடவை பிரஷர் கேஜைப் பாருங்க. வால்வைத் திறக்கிற சாவி சிலிண்டர்லயே கட்டித் தொங்கணும்.

அடுத்தது, மறைக்கிற பழக்கம். வேலைக்கு முன்னாடி நடக்கிற மெடிக்கல் சோதனையில ஃபெயிலாயிடுவோம்னு பயந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை போடுறதையே சொல்லாமப் போறாங்க. அந்தப் பயம் புரியுது, குடும்பமே அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கு. ஆனா பிரஷர் இருந்தாலே வேலை போச்சுன்னு இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஐ.எல்.ஓ., சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஐ.எம்.ஓ. ரெண்டோட வழிகாட்டுதல்ல 160/100-க்கு மேல இருந்தா, அதைச் சோதிச்சு வைத்தியம் பாக்குற வரைக்கும்தான் தற்காலிகத் தகுதிக்குறைவு. கம்பெனி விதி இன்னும் கறாரா இருக்கலாம். அதைச் சேரும் முன்னாடியே கேட்டுக்கலாம். மறைச்சுப் போனா நடுக்கடல்ல மாத்திரை தீர்ந்துடும், ரேடியோ டாக்டருக்குத் தப்பான தகவல் போகும்.

மாத்திரையைக் காண்ட்ராக்ட் காலத்தோட ஒரு மாசம் கூட்டி வாங்குங்க. சீட்டுல மருந்தோட மூலப் பெயர் இருக்கணும், பட்டையைப் பிரிக்காம கைப்பையில வைங்க. துபாய் வழியாப் போறவங்க டிராமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் முன் அனுமதி இல்லாம கொண்டு போகக் கூடாது. அம்மாமார்களுக்கு ஒண்ணு: கசகசா அரைச்ச மசாலாப் பொடி கட்டிக் கொடுக்காதீங்க. எமிரேட்ஸ்லயும் சிங்கப்பூர்லயும் கசகசாவுக்குத் தடை. அதைச் சாப்பிட்டா கப்பல்ல நடக்கிற சிறுநீர்ச் சோதனையிலயும் அபின் வகை போதைப்பொருள்னு காட்டலாம். பல்லையும் கிளம்பும் முன்னாடியே பாத்துடுங்க. சொத்தைப் பல் கப்பல்ல சீழ் பிடிச்சா கையில இருக்கிறது ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும்தான்.

(திரையில்: மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள்.)

லாகோஸ், அபிஜான் பக்கம் போற கப்பலா இருந்தா மலேரியா. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், போய்ச் சேர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி தொடங்கி, அந்த இடத்தை விட்டுக் கிளம்பின பிறகு நாலு வாரம் வரை தினம் ஒண்ணு. கப்பல் கிளம்பினதும் நிறுத்திடறாங்க, அதுதான் தப்பு. அங்கே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேணும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் அது செல்லும், 2016-ல இருந்து ஆயுளுக்கும் ஒரே ஊசிதான். லீவுல ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் தெரு முனை கிளினிக்குக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் "ஆப்பிரிக்காவுல இருந்து வந்தேன்"னு சொல்லுங்க. சொல்லலைன்னா மழைக்காலக் காய்ச்சல், டெங்குன்னுதான் பாப்பாங்க. அந்த மலேரியா 24 மணி நேரத்துலயே மோசமாகக் கூடியது. ரத்தச் சோதனை ஒரு தடவை இல்லைன்னு வந்தாலும், காய்ச்சல் தொடர்ந்தா மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

செலவு யார் தலையில? கப்பல்ல இருக்கும்போது வைத்தியச் செலவு முதலாளியோடது, அவசியமான பல் வைத்தியம் உட்பட. முடிஞ்சா துறைமுகத்துல டாக்டரைப் பாக்கவும் உரிமை உண்டு. அவசர சிகிச்சை தேவைப்படுறவரை உடனே இறக்க அனுமதிக்கணும்னு 2024 டிசம்பர் 23-ல இருந்து எம்.எல்.சி. ஒப்பந்தத்துலயே இருக்கு. நோயோட சைன் ஆஃப் ஆனா, அதாவது கப்பல் வேலையில இருந்து இறங்கினா, வைத்தியச் செலவும், முழுசாவோ ஒரு பகுதியாவோ சம்பளமும் குறைஞ்சது 16 வாரம் வரை கேக்கலாம். அதுக்குச் சாட்சி காகிதம்தான்: மெடிக்கல் லாக் பக்கம், துறைமுக டாக்டர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு. கப்பல் ஏணியான கேங்வேயில இறங்கும் முன்னாடியே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்குப் போற தோணிகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அங்கே வி.எச்.எஃப். ரேடியோவோட 16-ஆம் சேனல்தான் வழி. கரையில இருக்கிற குடும்பம் கடலோரக் காவல் படையை 1554-ல கூப்பிடலாம், கட்டணம் இல்லை. படகு பேர், பதிவு எண், கடைசியா சொன்ன இடம், ஆளோட வயசு, என்ன உபத்திரவம்னு கையில எழுதி வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.