கெர்ட்ரூட் எலியனுக்குக் கதவைத் திறந்தது எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மருந்து வேதியியலர் கெர்ட்ரூட் எலியனை உயர்த்தியது விடாமுயற்சியா, வாய்ப்பா?' என்பது தலைப்பு. விடாமுயற்சியே என்று முழங்கி, எதிரணி நண்பர் கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்த அம்மையாரிடம் விடாமுயற்சி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அது செல்லாக்காசாகத்தானே கிடந்தது?

1929 பங்குச் சந்தைச் சரிவில் தந்தையின் பணம் போயிற்று. மகள் படித்தது கட்டணம் வாங்காத நியூயார்க் ஹன்டர் கல்லூரியில். அங்கே கட்டணம் கேட்டிருந்தால் இன்று நமக்குத் தலைப்பே இல்லை! 1937இல் உயர்ந்த தகுதியோடு தேறி, உதவித்தொகை கேட்டு 15 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பெண் இருந்தால் ஆய்வகத்தில் கவனம் சிதறும் என்று, வேலை கேட்டுப் போன ஓரிடத்தில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் படைக்குப் போனார்கள், ஆய்வகங்களில் ஆள் இல்லை. அப்போதும் முதலில் கிடைத்தது, ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலை. மயோனைசில் சேரும் முட்டை மஞ்சள் கருவின் நிறம் சரியா என்றும் பார்க்க வேண்டும். 1941இல் வாங்கிய முதுகலைப் பட்டத்துக்கு அதுதான் மரியாதை!

1944இல் பரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனத்தில், ஆய்வாளர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார். வேதியியலோடு நிறுத்தாமல் ஆய்வு போகும் வழியெல்லாம் போகவிட்டார். செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வுக்குப் பியூரின் என்ற கட்டுமானப் பொருள் வேண்டும். எலியன் போலிப் பியூரின் ஒன்றைச் செய்தார். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம், அவ்வளவுதான். அதை உண்மைப் பியூரின் என்று நம்பி எடுத்த புற்றுநோய்ச் செல், டி.என்.ஏ. செய்ய முடியாமல் ஏமாந்தது. அந்த 6-மெர்காப்டோபியூரின் 1953இல் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய் வந்தால் சில மாதங்களே வாழ்ந்த குழந்தைகளுக்கு அந்த மருந்து எத்தகைய வரம் என்று பெற்றவர்களைக் கேட்க வேண்டும். அதன் வழிவந்த அசதியோபிரின் என்ற மருந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காத்தது. 1988இல் நோபல் பரிசு.

விடாமுயற்சியின் திருவுருவம் என்றீர்கள். அவரே விட்டது ஒன்று உண்டு, நண்பரே! இரவு வகுப்பில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். வேலையை விட்டு முழுநேரமாக வந்தால்தான் தொடரலாம் என்றார்கள். அவர் பட்டத்தை விட்டார், ஆய்வகத்தை விடவில்லை. கையில் இருந்த வாய்ப்பின் விலை அவருக்குத் தெரியும்.

1942இல் ஊறுகாய் அளந்தவரிடம் 1944இல் புதிதாக என்ன முயற்சி முளைத்தது? அடுத்து எழும் எதிரணியினர் அதை மட்டும் சொல்லட்டும்.