பீரோவுக்குள்ள மைக்ரோஸ்கோப்

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிக் காத்தை விட்டுட்டு இந்த மண்டபத்துப் புழுக்கத்துல உக்காந்திருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

பள்ளிக்கூட அறிவியல்ல பிள்ளையை உயர்த்துறது தன்முயற்சியா, சமூக அமைப்பா? எங்க கட்சி சமூக அமைப்பு.

எதிரணித் தலைவர், உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனியோட கதையைச் சொன்னார். நல்லாவே சொன்னார், நானும் கை தட்டினேன். 1933ல நம்ம டாடா இன்ஸ்டிடியூட்ல, அதாங்க இந்திய அறிவியல் கழகத்துல, இடம் கேட்டாங்க. பொண்ணுங்கிறதால அப்ப அங்க இயக்குநரா இருந்த சி.வி. ராமன் மறுத்தார். விடாம நின்னு உள்ள போனாங்க, 1939ல கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. "இதுதாங்க தன்முயற்சி!"ன்னு மேசையத் தட்டினார்.

ஐயா, பாதிக் கதையில இறங்கிட்டீங்களே! அந்தம்மாவோட அப்பாவும், அப்பா கூடப் பிறந்தவரும் அதே இன்ஸ்டிடியூட்ல படிச்ச வேதியியல்காரங்க. எந்தக் கதவைத் தட்டணும்னு வீட்டுலயே தெரிஞ்சிருக்கு. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பொண்ணையே முதல் வருஷம் "தேறுவாங்களா பாப்போம்"னு தற்காலிகமாத்தான் வச்சிருந்தாங்க.

அப்புறம் அதே இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தவங்க இயற்பியல் விஞ்ஞானி அன்னா மணி. ராமன்கிட்ட வைரம், மாணிக்கத்தோட ஒளியை ராப்பகலா ஆராய்ஞ்சு, 1945ல ஆய்வேட்டைக் கொடுத்தாங்க. எம்.எஸ்ஸி. இல்லைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரலை. முயற்சியில என்ன குறை கண்டீங்க?

சரி, பெரியவங்களை விடுவோம். ஸ்ரீராமபுரத்துல என்கிட்ட டியூஷனுக்கு ஒம்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி வர்றா. ஒரு நாள் கேட்டா: "அக்கா, புளி போட்டுத் தேச்சா பித்தளைச் சொம்பு பளிச்சுனு ஆகுது. சோப்புக்கு ஏன் ஆக மாட்டேங்குது?"

அசந்துட்டேன். புளியில இருக்கிற அமிலம் கறுத்த ஆக்சைடைக் கரைக்கும், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும். அமிலப் பாடம் மொத்தமும் அந்தச் சொம்புலயே இருக்கு!

"ஸ்கூல்ல கேட்டியாடி?"

"இங்கிலீஷ்ல கேக்கணும்க்கா."

வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், பாடம் இங்கிலீஷ். சரி, கேக்கத்தான் முடியலை, கண்ணால பாக்கலாம்னா, அவங்க ஸ்கூல் மைக்ரோஸ்கோப் ஆபீஸ் ரூம் பீரோவுல இருக்காம். உடைஞ்சா யார் காசு கட்டுறதுன்னு வெளிய எடுக்கிறதில்லை. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மட்டும் மேசைக்கு வரும், ஊர்வலச் சாமி மாதிரி!

போன பரீட்சையில அவளுக்கு சயின்ஸ்ல 100க்கு 38. ரிப்போர்ட் கார்டை என்கிட்டதான் முதல்ல காட்டினா. மார்க்குக்குப் பக்கத்துல சிவப்பு மையில எழுதியிருந்துச்சு: "முயற்சி போதாது."

எதிரணித் தலைவர் கையெழுத்து மாதிரியே இருந்துச்சுங்க, நடுவர் அவர்களே!