ஒருவழியா பீக் ஒத்தையா வந்துடுச்சு! | டர்பன் லேப் வ்லாக்

மக்களே, வணக்கம்! பீக் வந்துடுச்சு! பீக்னா, மருந்து எவ்வளவு இருக்குன்னு காட்ட மெஷின் வரையற கோட்டுல எழும்பற கூம்பு. போன வீடியோல புலம்பித் தள்ளினேனே, ஐசோனியசிட்ங்கற காசநோய் மருந்தோட பீக் ஒட்டக முதுகு மாதிரி ரெண்டாப் பிளந்து நிக்குதுன்னு, அது இன்னைக்கு மதியம் ஒத்தையா, நேரா, அழகா வந்துடுச்சு. எனக்குக் கை நடுங்குது, கேமரா ஆடினா மன்னிச்சுக்கோங்க. வண்டிய இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல, ஓவர்போர்ட் பக்கம் ஓரமா நிறுத்தியிருக்கேன். வெள்ளிக்கிழமைன்னா எனக்கு பீன்ஸ் பன்னி சவ் (bunny chow, ரொட்டியைக் குடைஞ்சு உள்ள பீன்ஸ் கறி ஊத்தினது) தான்னு உங்களுக்கே தெரியும். அது ஆறட்டும், முதல்ல இதைச் சொல்லிடறேன்.

ஐசோனியசிட் தண்ணியில அவ்வளவு சுலபமா கரையும். சாம்பிள்ல இருக்கறதைத் தனித்தனியாப் பிரிக்கற குழாய்க்குப் பேரு காலம் (column). வழக்கமான சி18 வகை காலம்ல அது சரியா நிக்காது, கிட்டத்தட்ட கரைப்பானோடயே வழுக்கி வெளிய ஓடிடும். அதனாலதான், தண்ணியில சுலபமா கரையறதைப் பிடிச்சு வைக்கற ஹிலிக் (HILIC) காலம் வாங்கினோம். பதினஞ்சாயிரம் ரேண்ட்! என் சுண்டு விரலை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அது வந்தும் பீக் பிளந்துச்சு. காலத்தைக் கழுவினேன், பம்ப்பைப் பார்த்தேன், அசிட்டோநைட்ரைல்ங்கற கரைப்பான்ல புது பாட்டில் திறந்தேன். கடைசில பார்த்தா, எங்களுக்கு வந்த பழைய செய்முறையில சாம்பிளைத் தண்ணியில கரைக்கணும்னு போட்டிருக்கு. ஹிலிக்குக்குத் தண்ணிதான் எமன்! அசிட்டோநைட்ரைல் அதிகமாப் போட்டுக் கரைச்சு ஏத்தினேன். மெஷின்ல ஐசோனியசிட் அயனியோட எடை எண் 138, அதை உடைச்சா 121 துண்டு. 138-லருந்து 121, அந்த சிக்னல் தனியா, சுத்தமா எழும்புச்சு. லேப்ல வேற யாரும் இல்ல, நான் மட்டும் கைதட்டினேன்.

ஒரு பீக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு கேட்காதீங்க. காசநோய் மாத்திரை எல்லார் உடம்புலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதை அளந்து காட்டத்தான் இந்த பீக். நம்ம கல்லீரல்ல என்ஏடி2ன்னு ஒரு என்சைம் இருக்கு. ஐசோனியசிட்ல அசிட்டைல்ங்கற ஒரு சின்ன துண்டை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கறது அதுதான். சிலருக்கு அது வேகம், சிலருக்கு மெதுவு, எல்லாம் பரம்பரை. வேகமானவங்க ரத்தத்துல மருந்து பாதியாகக் கிட்டத்தட்ட 1 மணி நேரம், மெதுவானவங்களுக்கு 3 மணி நேரம். கணக்குப் போடுங்க: 6 மணி நேரம் கழிச்சு முதல் ஆள்கிட்ட 64-ல ஒரு பங்கு மிச்சம், அடுத்த ஆள்கிட்ட 4-ல ஒரு பங்கு. பதினாறு மடங்கு வித்தியாசம், ஒரே மாத்திரைக்கு!

இங்க கிளினிக்ல எடை பார்த்துத்தான் மாத்திரை தர்றாங்க. நாலு மருந்து சேர்ந்த அந்த ஒரே மாத்திரையில 75 மில்லிகிராம் ஐசோனியசிட். 55-லருந்து 70 கிலோ வரைக்கும் 4 மாத்திரை. எடை மெஷின் இருக்கு, சரி. கல்லீரலை யார் பார்க்கறாங்க? எனக்கு இதுல ரொம்ப நாளா கோபம். மெதுவானவங்களுக்கு மருந்து தேங்கி நரம்பு பாதிக்கலாம், கால் மரத்துப்போகலாம், சிலருக்குக் கல்லீரல் அடி வாங்கும். நம்ம இந்திய வம்சத்துல பாதிக்கு மேல மெதுவானவங்கதான். ஜப்பான்ல சுமார் 10 சதவீதம்தான். ஆனா ஜப்பான்காரங்கதான் மரபணு பார்த்து டோஸ் மாத்தி 2013-ல ஆய்வு வெளியிட்டாங்க. அதுல டோஸைக் குறைச்ச மெதுவானவங்க யாருக்கும் கல்லீரல் பாதிப்பு வரல.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்! இதுல நம்ம மெட்ராஸுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆய்வு மையம்தான், வாரம் ஒரு தடவை மட்டும் ஐசோனியசிட், ஸ்ட்ரெப்டோமைசின் குடுத்தா வேகமானவங்களுக்குக் குணம் சரியா வரலைன்னு காட்டினது. தினமும் சாப்பிட்டா அந்த வித்தியாசம் பெருசாத் தெரியாது. அதனாலயும்தான் ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு நர்ஸம்மா திட்டறாங்க. இங்க டர்பன்ல நம்ம இந்திய வம்சத்து ஆளுங்க அதிகமா இருக்கற சாட்ஸ்வர்த்ல வளர்ந்த என் லேப் தம்பிகிட்ட இதைச் சொன்னேன். அவன் பாட்டிக்கு பாட்டி ஊரு மெட்ராஸ் பக்கம்தானாம், அவனுக்கு ஒரே பெருமை.

சாம்பிள் விஷயமும் சொல்லணும். ரத்தம் எடுத்த உடனே பிளாஸ்மாவைப் பிரிச்சு மைனஸ் 80 டிகிரில வைக்கணும், இல்லேன்னா ஐசோனியசிட் தானே சிதைஞ்சுடும். அந்தக் குளிருக்கு உலர் பனிக்கட்டி (உருகாம நேரா ஆவியாப் போற கார்பன் டை ஆக்சைடு கட்டி) ஜோபர்க்லருந்து, அதாவது ஜோகன்னஸ்பர்க்லருந்து வரணும். அந்த கூரியர்காரங்க பேரைச் சொல்ல மாட்டேன், வியாழன் வர வேண்டிய பெட்டி திங்கள் வந்துச்சு, உள்ள வெறும் காத்து!

கமெண்ட்ல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, "நான் மெதுவான ஆளா இருந்தா மாத்திரையைப் பாதியா உடைச்சுச் சாப்பிடலாமா"ன்னு. வேண்டவே வேண்டாம் அக்கா! அந்த ஒரே மாத்திரையில ரிஃபாம்பிசினும் இருக்கு, உடைச்சா அதுவும் பாதியாகும், கிருமி மருந்துக்குப் பழகிடும். கால் மரத்துப்போனா டாக்டர்கிட்ட பி6 மாத்திரை பத்திக் கேளுங்க. திங்கட்கிழமை அசிட்டைல் ஐசோனியசிட், 180-லருந்து 138. அது எப்படி வருதுன்னு அடுத்த வீடியோல காட்டறேன்.