வேணாம்னு சொன்னா அந்தப் பக்கம் சாஞ்சுட்டோம்னு அர்த்தமா?

எல்லாருக்கும் வணக்கம். யாராவது ஒரு முடிவை "இது தப்பு"ன்னு சொன்ன உடனே "அப்ப நீ அவங்க ஆளா?"ன்னு கேட்டுடறோம் இல்லையா, அதைப் பத்திதான் பேசப்போறேன். எதிர்ப்பும் ஆதரவும் ஒரே தராசோட ரெண்டு தட்டு, இது எறங்கினா அது ஏறும்னு நெனச்சுக்கறோம். அப்படிக் கிடையவே கிடையாதுங்க.

1976 ஏப்ரல், எமர்ஜென்சி நேரம், விசாரணை இல்லாமலே அடைக்கற மிசா சட்டத்துல உள்ள போடப்பட்டவங்க, தங்களை அடைச்சது சரியான்னு கோர்ட் பார்க்கணும்னு ஆட்கொணர்வு மனு போட்டுப் போறாங்க, அந்த மனுவையே போட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்ல 5 நீதிபதில 4 பேர் சொல்லிட்டாங்க, ஹெச்.ஆர். கன்னா ஒருத்தர் மட்டும் மாறுபட்டு தீர்ப்பு எழுதினார். அப்ப ஜெயில்ல ஜனசங்கத்துக்காரங்க இருந்தாங்க, சோசலிஸ்டுங்க இருந்தாங்க, மார்க்சிஸ்டுங்களும் இருந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் ஆகாத இத்தனை கட்சியையும் ஒரு மனுஷன் எப்படிங்க ஆதரிக்க முடியும்? விசாரணையே இல்லாம அடைச்சு வெச்சது சட்டப்படி சரியான்னு கோர்ட் பார்க்கலாம், அவர் சொன்னது அவ்வளவுதான். 1977ல அவரைத் தாண்டி, அவருக்கு ஜூனியரான எம்.எச். பெக்கை தலைமை நீதிபதி ஆக்கினாங்க, கன்னா ராஜினாமா பண்ணிட்டார். அந்த 4 பேர் தீர்ப்பு தப்புன்னு 9 நீதிபதிங்க பெஞ்ச் சொன்னது 2017ல, 41 வருஷம் கழிச்சு! நெனச்சா இன்னைக்கும் மனசு கொதிக்குது எனக்கு.

அமெரிக்காவுல பிரதிநிதிகள் சபை உறுப்பினரா இருந்த ஜெனட் ராங்கினும் அப்படித்தான். 1941ல அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்ட மறுநாள், ஜப்பான் மேல போர் அறிவிக்க பிரதிநிதிகள் சபைல 388 ஓட்டு, எதிரா இவங்க ஓட்டு ஒண்ணே ஒண்ணு. 1917லயே முதல் உலகப்போருக்கும் வேணாம்னு ஓட்டு போட்டவங்க, போரே கூடாதுன்றவங்க, அந்த ஓட்டுல ஜப்பான் செஞ்சது சரின்னு எங்க இருக்கு?

மௌனம் சம்மதம்னு சொல்றோமே, அதையும் நான் ஏத்துக்க மாட்டேன். ஐ.நா. பாதுகாப்பு சபைல 15 நாடு, தீர்மானம் நிறைவேற குறைஞ்சது 9 ஆதரவு ஓட்டு வேணும், ஓட்டு போடாம ஒதுங்கின நாட்டை அந்த 9ல சேர்க்க மாட்டாங்க. நம்ம சங்கக் கூட்டத்துல மட்டும் பாதிப்பேர் வாயே தெறக்கலன்னாலும் மினிட்ஸ்ல "ஏகமனதாக"ன்னு எழுதிடறோம், பயந்துட்டு சும்மா இருந்தவரும் இன்னும் யோசிச்சு முடிக்காதவரும் அதுல ஆதரவாளர் ஆயிடறாங்க. தயவுசெஞ்சு அந்த வார்த்தையை எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா கேளுங்க, யாராவது வேணாம்னா எது வேணாம், ஏன் வேணாம்னு அவங்க சொன்னபடியே பதிவு பண்ணுங்க.