சீட்டு சரியாக விழவில்லை என்று சொல்லும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

கழுதை ஆட்டம் தெரியாத வீடு நம்மிடையே குறைவு. பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் வீடுகளில் லீவு நாளில் பாயை விரித்தால், குழந்தைகளோடு ஆட முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 52 சீட்டையும் பங்கிட்டுக்கொள்கிறோம். ஸ்பேட் ஏஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் தொடங்குகிறார். இறங்கிய இனத்தில் சீட்டு இல்லாதவர் வேறொன்றைப் போட்டு வெட்டுகிறார். அந்தச் சுற்றில் இறங்கிய இனத்திலேயே பெரிய சீட்டைப் போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. வடக்கே இதையே பாபி என்கிறார்கள்.

இப்படி ஒரு ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவர ஆசைப்படும் பிள்ளைகள் பெங்களூரில் நிறைய. காசு வைத்து ஆடுவதை நான் சொல்லவில்லை. அதை 2025இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டம்தான் இன்றைய பேச்சு. அதை வெளியிட்ட பிறகு, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எப்படித் திருத்துவது?

முதல் வாரத்திலேயே ஒரு புகார் கட்டாயம் வரும். "சீட்டு சரியா விழல. எனக்கு மட்டும் ஒரே இனமா வருது. ஏமாத்துறீங்க." எந்தச் சீட்டு விளையாட்டை வெளியிட்டாலும் இது வரும். இதைக் கண்டு கோபப்படவும் கூடாது, பயந்துபோய் உடனே கையை வைக்கவும் கூடாது. வயிறு வலிக்கிறது என்று வருகிறவர் வலியைப் பற்றிச் சொல்வது உண்மை. எதனால் வலி என்று அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். கலைக்கும் நிரலில் நிஜமாகவே பிழை இருக்கலாம். மூன்றே சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் உள்ள சீட்டை, மூன்றில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றுகிறோம். மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி. மொத்தம் 27 வழி. ஆனால் மூன்று சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகள் ஆறுதான். இருபத்தேழை ஆறால் சமமாக வகுக்க முடியுமா? முடியாது. ஆகவே சில வரிசைகள் அடிக்கடி வரும், சில குறைவாக வரும். இந்தத் தவறு இன்றும் புதிய நிரல்களில் தென்படுகிறது. சரியான முறைக்கு ஃபிஷர், யேட்ஸ் என்ற இருவரின் பெயர், 1938இல் வெளிவந்தது. கடைசிச் சீட்டிலிருந்து தொடங்கி, இன்னும் மீதி இருக்கும் சீட்டுகளுக்குள் மட்டும் ஒன்றைத் தேர்ந்து மாற்ற வேண்டும். ஒரு தடவை இடம் பிடித்த சீட்டைத் திரும்பத் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

இன்னொன்று, கலைப்பதற்கு எடுக்கும் விதை எண், அதாவது சீட்டு எந்த வரிசையில் கலையும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண். அது 32 பிட் எண்ணாக, அதாவது 0, 1 என்ற இலக்கங்களை 32 இடத்தில் மட்டும் எழுதும் எண்ணாக இருந்தால் மொத்தமே 429 கோடிச் சொச்சம் வரிசைகள்தான் கிடைக்கும். 52 சீட்டுக்கு இருக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கையோ 68 இலக்கம். ஆகவே விதை பெரியதாக இருக்கட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் புகார் நிற்காது. ஏன் நிற்காது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இதில் அக்கறை அதிகம்.

வீட்டில் எப்படிச் சீட்டுப் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். போன ஆட்டத்தில் சுற்றுச் சுற்றாகக் கழிந்த சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன. வெட்டு விழாத சுற்றில் நாலு பேரும் ஒரே இனத்தைத்தான் போட்டிருப்போம். அதனால் நாலு டைமண்ட் அடுத்தடுத்து, நாலு கிளாவர் அடுத்தடுத்து என்று இருக்கும். அவற்றை வாரிச் சேர்த்து இரண்டு தடவை கலைக்கிறோம். அந்தக் கலைப்பு போதாது. 52 சீட்டை இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோர்க்கும் கலைப்பையே ஏழு தடவை செய்ய வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். நம் கைக்கலைப்பில் அந்த நாலு டைமண்டும் பல இடங்களில் ஒன்றாகவே தங்கிவிடும். பிறகு ஆளுக்கு ஒவ்வொன்றாகப் போடுகிறோம். என்ன ஆகிறது? நாலு டைமண்டும் நாலு பேருக்கும் ஒன்று ஒன்றாகப் போய்விடுகின்றன! எல்லார் கையிலும் எல்லா இனமும் ஏறக்குறைய சமமாக வந்து விழுகிறது.

இப்படி விழுவதுதான் நியாயம் என்று நம் மனசு வருஷக்கணக்காகப் பழகியிருக்கிறது. கைபேசி அப்படிச் செய்வதில்லை, முழுதாகக் கலைக்கிறது. முழுதாகக் கலைத்த கட்டில் 13 சீட்டு வாங்கினால், ஐந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை ஒரே இனத்தில் ஆறோ அதற்கு மேலோ வரும். 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 18 ஆட்டத்தில், நாலு பேரில் யாராவது ஒருவர் கையில் ஓர் இனம் அறவே இருக்காது. கழுதை ஆட்டத்தில் அது சின்ன விஷயமா? அவர்தானே அடுத்தடுத்து வெட்டுவார்! அள்ளிக்கொள்கிறவருக்கு அது சதி போலத்தான் தெரியும்.

ஆக, அவர் சொல்வது பொய்யில்லை. வீட்டில் விழுகிற மாதிரி சீட்டு விழவில்லைதான். இதற்காகக் கலைப்பை யாருக்கும் தெரியாமல் சமப்படுத்தினால் பழைய புகார் போய், "இவர்கள் சீட்டை மாற்றுகிறார்கள்" என்ற புதிய புகார் வரும். அப்போது அது உண்மையாகவும் இருக்கும். என் கட்சி இதுதான்: கலைப்பைத் தொடாதீர்கள். வேண்டுமானால் "வீட்டுக் கலைப்பு" என்று வெளிப்படையாகப் பெயர் வைத்து ஒரு தனி மேசை கொடுங்கள். போன ஆட்டத்தின் சீட்டை வரிசையாகச் சேர்த்து, இரண்டு தடவை மட்டும் கோர்த்து, ஒவ்வொன்றாகப் போடும் மேசை. பிடித்தவர் அதில் ஆடட்டும்.

அடுத்த புகார், "நான் தொடாத சீட்டு இறங்கிடுச்சு." கைபேசியின் அகலம் சுமார் ஏழு சென்டிமீட்டர். 13 சீட்டை விரித்தால் ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரிவது ஐந்து மில்லிமீட்டர். அள்ளிய பிறகு கையில் 20 சீட்டு என்றால் மூன்றரை. கட்டைவிரலுக்கு ஒன்பது மில்லிமீட்டராவது வேண்டும். ஆகவே இனத்துக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு தொடலில் சீட்டு எழும்பட்டும், இரண்டாவது தொடலில் இறங்கட்டும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. ஒரு சீட்டு இறங்கியதும் அந்த இடைவெளியை மூட மற்ற சீட்டுகள் நகர்கின்றன. விரல் அங்கேயே இருக்கிறது. அதன் அடியில் வேறு சீட்டு வந்து நிற்கிறது. அவசரத்தில் இன்னொரு தடவை தட்டினால் போயிற்று. சுற்று முடியும்வரை இடைவெளியை மூடாமல் விட்டாலே இந்தப் புகார் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"எங்க வீட்டுல இப்படி ஆட மாட்டோம்" என்பது மூன்றாவது. முதல் சுற்றில் வெட்டு செல்லுமா, பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ள சீட்டுகளை வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். மேசை போடும்போதே தேர்ந்துகொள்ள விடுங்கள். சீட்டு விழுமுன் எல்லாருக்கும் காட்டுங்கள். ஆனால் கேட்டதையெல்லாம் சேர்க்காதீர்கள். உண்டு, இல்லை என்று ஐந்து விருப்பங்கள் வைத்தாலே சோதிக்க வேண்டிய மேசைகள் 32 ஆகிவிடும்.

புகாரை வாங்கும் முறைக்கு வருகிறேன். ஆட்டம் முடியும் திரையிலேயே புகார் பொத்தான் இருக்கட்டும். ஆட்ட எண், விதை எண், யார் எதை எந்த நொடியில் இறக்கினார், செயலியின் பதிப்பு, இவை நான்கும் தானாகச் சேர்ந்து வர வேண்டும். ஆடியவர் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஆட்டத்தை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரி நிரலையும் மாற்றாதீர்கள்.

மெட்ரோ சுரங்கத்துக்குள் போய் இணைப்பு அறுந்து திரும்புகிறவருக்கு, விட்டுப்போன நகர்வுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் மேசையின் இப்போதைய நிலையை முழுதாக அனுப்புங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வரிசை எண் இருந்தால், ஒரே சீட்டு இரண்டு தடவை வந்து சேர்ந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். இதில் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் இல்லை.

வெளியிடுவது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். திருத்திய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். கூகுள் பிளேயில் முதலில் 5 சதவீதம், இரண்டு நாள் பார்த்து 20, பிறகு மீதி என்று விடலாம். கோளாறு தெரிந்தால் நடுவில் நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே போனதைத் திரும்ப வாங்க முடியாது, கூடுதல் பதிப்பு எண்ணில் புதுப் பதிப்புதான் அனுப்ப வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள், வெளியிடுமுன் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த 12 பேரில் நாலு பேராவது வீட்டில் பாய் விரித்துக் கழுதை ஆடியவர்களாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.