விசிலைக் குறை சொல்லாதீர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் தீர்ப்புகள் தடுமாறக் காரணம் விதியா, விசிலா என்று கேட்டிருக்கிறீர்கள். விதியே என்று பேச வந்திருக்கிறேன். விசில் ஊதும் ஆட்ட நடுவர்களைத் திட்டிவிட்டு ஒரு நடுவரிடமே தீர்ப்புக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை என்பதும் ஒரு காரணம்.

எதிரணி நண்பர் 2019 ஜனவரியில் நடந்த செயின்ட்ஸ் - ராம்ஸ் ஆட்டத்தைச் சொன்னார். பந்து வந்து சேருமுன்பே ஆளை மோதிச் சாய்த்தார்கள், தவறு என்று காட்ட ஒரு நடுவரும் கொடி வீசவில்லை. அது கண்ணின் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். சரி, மற்றதெல்லாம்?

2015 ஜனவரி 11, கிரீன் பே. டல்லாஸ் அணி 26-21 என்று பின்தங்கியிருக்கிறது. ஐந்து நிமிடம்கூட மீதமில்லை. டோனி ரோமோ வீசிய பந்தை அதே அணியின் டெஸ் பிரயன்ட் எம்பிப் பிடிக்கிறார். காலடி வைக்கிறார், ஒன்று, இரண்டு, மூன்று. விழும்போதே புள்ளி தரும் எல்லைக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிறார். பந்து தரையில் பட்டு ஒரு துள்ளு துள்ளி, மறுபடியும் அவர் கைக்கே வருகிறது. மைதானத்தில் ‘பிடித்தார்’ என்றார்கள். ரீப்ளே பார்த்து ‘பிடிக்கவில்லை’ என்று மாற்றினார்கள். விழுந்துகொண்டே பிடிப்பவர், விழுந்து அடங்கும்வரை பந்தை நழுவவிடக் கூடாது என்பது அன்றைய விதி. ஏட்டில் உள்ளபடி தீர்ப்பு சரி. பார்த்தவர்களுக்குத்தான் தலை சுற்றியது. 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கும் இதே கதி.

2018இல் அந்த வாசகத்தைத் தூக்கினார்கள். பந்து கைக்குள் அடங்க வேண்டும், இரண்டு காலும் தரையில் பட வேண்டும், அப்புறம் மூன்றாவதாக ஓர் அடியோ, கோட்டை நோக்கி ஒரு நீட்டலோ போதும். இன்று அதே படத்தைப் போட்டால் டெஸ் பிடித்துவிட்டார்! மாறியது எந்த நடுவரின் கண், சொல்லுங்கள்?

மோதல் விதிக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 10. கேன்சஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ், ரெய்டர்ஸ் அணியில் பந்தை வீசும் ஆளான குவாட்டர்பேக் டெரெக் காரிடமிருந்து பந்தையே பிடுங்கிவிட்டார். ஒரு கையில் பந்து, இன்னொரு கையைத் தரையில் ஊன்றப் பார்த்தபடி அவர்மேல் விழுகிறார். அதற்கும் கொடி, 15 கஜம் தண்டனை! உடல் எடை முழுவதுமோ பெரும்பகுதியோ குவாட்டர்பேக் மீது இறங்கக் கூடாதாம். அந்தப் பெரும்பகுதியை எந்தத் தராசில் நிறுப்பது? ஓடுகிற ஓட்டத்தில் நடுவர் என்ன செய்வார், பாவம்.

பந்து வருமுன் மோதும் தவறுகளுக்கும் ரீப்ளே மறுஆய்வு வைத்தால் தீரும் என்றார் நண்பர். அவர் சொன்ன செயின்ட்ஸ் ஆட்டத்துக்காகவே 2019இல் வைத்துப் பார்த்தார்கள். ஒரே சீசன்தான், கைவிட்டுவிட்டார்கள். உங்கள் கை மணிக்குப் போவது தெரிகிறது, உட்கார்ந்துவிடுகிறேன்.